தழும்பில்லாக் களிம்பு

அடித்து முடித்த கையோடு அமல்ராஜ் களிம்பை எடுத்துவந்து, மனைவி பவுலினின் கிழிந்த உதட்டில் பதமாகத் தடவிவிடுவான். காயத்தில் மூண்டு திசுக்களை அரிக்கும் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை அது உடனே தணித்துவிடும். காபி ஆறுவதற்குள் தோல் கூடிவிடும், தழும்பே இருக்காது. வலி மட்டும் நாள்கணக்கில் உள்ளேயே கிடக்கும்.

அன்று துணிந்து மகளிர் காவல் நிலையத்துக்கே போய்விட்டாள். பெண் ஆய்வாளர் அவள் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அடிச்சாருங்கிறீங்க. காயம் எங்கேம்மா? கோர்ட்டுல நான் எதைக் காட்டுறது?”

வீட்டுக்கு வந்ததும் களிம்பு முழுவதையும் சிங்க்கில் பிதுக்கிக் கழுவிவிட்டாள். வாசலில் பைக் வந்து நின்றது. அந்தச் சத்தம் கேட்டாலே அடுக்களைக்குள் ஒதுங்குகிறவள், இன்று அவனுக்கு எதிரே போய் நின்றாள்.

“போலீஸ் ஸ்டேஷன் போயிட்டுதான் வாறேன்” என்றாள், அடிக்குப் பயந்து முகத்தைத் திருப்பாமல்.