மிதப்பு

மாடி வகுப்பறை மேசையில் இரண்டு விடைத்தாள்கள் கிடந்தன. ஒரே தாள்கட்டில் பிறந்தவை, ஒரே எடை. அதில் ஒன்றுக்கு இயற்பியலில் நூற்றுக்கு ஏழு. சிவப்பு மையில் எழுதி, அடியில் இரட்டைக் கோடு வேறு.

அதற்கு மானமே போய்விட்டது. மார்க் இருந்த மூலையை மட்டும் முதலில் மடித்துக்கொண்டது. ஆனால் மை ஊறி, சிவப்பு பின்பக்கமும் தெரிந்தது. பாதியாக மடிந்து பார்த்தது. கடைசியில் கூனிக் குறுகி, கசங்கி, உருண்டையாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்து அடித்த காற்று இரண்டையும் ஜன்னலுக்கு வெளியே தள்ளியது.

உருண்டை விழுந்த வேகத்தில் சொத்தென்று சாக்கடையில் போய் உட்கார்ந்தது. நல்லவேளை, யார் கண்ணிலும் படவில்லை. நிமிர்ந்து பார்த்தால், மற்றது உடம்பை விரித்துப் போட்டுக்கொண்டு, காற்றில் சாய்ந்து சாய்ந்து, ஆடி அசைந்து வந்துகொண்டிருந்தது.

"நூத்துக்கு நூறு போல. அதான் இந்த மிதப்பு" என்று உருண்டை பொருமியது.

அந்தத் தாள் சாக்கடை ஓரத்துக் காய்ந்த திண்டில் மெல்ல வந்து அமர்ந்தது. அதன் நெற்றியில் சிவப்பாக, மூன்று.

உருண்டைக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மூணு மார்க்கை வெச்சுக்கிட்டா இப்படி விரிச்சுக்கிட்டு வந்தே? எல்லாரும் பார்த்திருப்பாங்களே!"

"பார்த்தாங்க. சிரிச்சாங்க. அதுக்காகச் சுருண்டுக்கிட்டா, காத்து எதைப் பிடிச்சு என்னைத் தாங்கும்?"

உருண்டை ஒரு மூலையையாவது பிரிக்கப் பார்த்தது. ஈரத்தில் மடிப்போடு மடிப்பு ஒட்டியிருந்தது. அந்த ஏழு மட்டும் கரைந்து, உடம்பு முழுக்கச் சிவப்பாகப் பரவிக்கொண்டிருந்தது.