மறிக்காத கை

பாதயாத்திரை செல்வோர் ஒரு வேளை உண்டு இளைப்பாறும் அந்தச் சிற்றூரில் மடம் ஒன்றுதான் பெரிய கட்டடம். அங்கே பரிமாறும் துறவிகள் உண்பவரின் முகத்தை ஏறிட்டுப் பார்க்கலாகாது. இலையை மட்டுமே பார்க்க வேண்டும். உண்பவர் இலைக்கு மேல் கையை மறிக்கும்வரை அடுத்த இலைக்கு நகரவும் கூடாது. தன்னை விட்டுத் துறவு பூண்ட கணவன் அம்மடத்தில்தான் இருக்கிறான் என்று கேள்விப்பட்டே மயிலாத்தாள் மஞ்சள் சேலை உடுத்தி நடந்து வந்திருந்தாள். ஒரே ஒருமுறை அவன் தன் முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்பதே அவளுடைய வேண்டுதல்.

மோர் வாளியோடு வந்து நின்றவனின் இடக்கால் சுண்டுவிரல் வளைந்திருந்தது. கலப்பை ஏறி வளைந்த விரல் அது. அன்று பச்சிலை வைத்துக் கட்டியவள் அவளே. அவன் ஒரு கரண்டி மோர் வார்த்தான். அவள் கையை மறிக்கவில்லை. இன்னொரு கரண்டி வார்த்தான். சோறு மிதந்தது, மோர் இலையைத் தாண்டி ஓடியது.

“ஏனம்மிணி, கைய மறிச்சுத் தொலையேன்! என்ற சீலையெல்லாம் மோரு!” என்றாள் பக்கத்து இலை நாச்சம்மாள். “பழனிக்குப் போறதுக்குள்ள இங்கயே என்னைய முழுக்காட்டிருவ போல!”

பந்தியில் சிரிப்பு எழுந்தது. மயிலாத்தாள் சிரிக்கவில்லை.

“போதும்னு நான் எப்பச் சொன்னனுங்க?” என்றாள், அவன் முகத்தையே பார்த்தபடி.

கரண்டி ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. குனிந்த தலை நிமிரவில்லை. ஆனால் அவன் நகரவும் இல்லை. வாளி வற்றிய பின்னும் கரண்டி உள்ளே இறங்கி, ஒன்றுமில்லாமல் மேலேறி, அவள் இலையின்மேல் நிதானமாகக் கவிழ்ந்தது. பின்பு மறுபடியும் இறங்கியது.