முள்முருக்கு வேலி

"தம்பி, அவர் வரமுதல் போயிடுங்கோ. வந்தால் கதைக்க ஏலாது" என்று மீனலோசனி நில அளவையாளரிடம் கெஞ்சினாள்.

நாரந்தனைக்குப் போகும் புதுத் தெரு அவர்களுடைய முள்முருக்கு வேலியின் மேலால் வரப்போகிறது. அந்த வேலிக்காகத்தான் அவள் கணவர் தியாகலிங்கம் பக்கத்து வளவுக்காரியான சொந்த அக்கா அன்னபூரணத்தோடு ஒன்பது வருடம் வழக்காடி வென்றார். "இந்த வேலி நிற்குமட்டும் அக்கா வீட்டு முற்றம் மிதிக்கமாட்டன்" என்று கோயிலில் சத்தியமும் செய்தார். இன்று அக்கா மகளின் கலியாணத்துக்குக் கன்னிக்கால் நடுகிறார்கள். தாய்மாமன் முருக்கந்தடி வெட்டிவந்து நடவேண்டிய கால்.

தியாகலிங்கம் கத்தியோடு வந்தார்.

"தெருவுக்கு அளவு முளை அடிச்சாச்சோ, தம்பி?"

"ஓம் ஐயா. வேலி வெட்ட இன்னும் மூண்டு மாசம் இருக்கு."

"மூண்டு மாசமோ? அது சரிவராது!"

அவரே வேலியை வெட்டிச் சாய்க்கத் தொடங்கினார்.

"என்னப்பா, உங்களுக்கு விசரோ?" என்றாள் மீனலோசனி.

அளவையாளர் சிரித்தபடி கோப்பைத் திறந்து காட்டினார். தெருவை இந்த வழியால் விடும்படி கேட்ட மனுவில் தியாகலிங்கத்தின் கையெழுத்து இருந்தது.

"சத்தியத்தை மீறாமல் போக எனக்கு வேற வழி தெரியேல்லை" என்றார் அவர்.

வேலியின் கடைசிக் கதியாலும் விழுந்ததும் பெருமூச்சு விட்டார். நல்ல நேரான முருக்கந்தடி ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு, அக்காவின் முற்றத்தில் கால் வைத்தார்.

அன்னபூரணம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கெதியா வா, நேரம் போகுது."