மிச்ச வெள்ளி

“உனக்கு வாய்னு ஒண்ணு இருக்கா, இல்லையா?”

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஆராய்ச்சி சார் கேட்டது. நான் தலையைக் குனிந்துகொண்டு கண்ணாடிக் குவளைகளைக் கழுவினேன். அன்றிலிருந்து அவருக்கு நான் ஊமைக்கோட்டான்.

தங்கமும் வெள்ளியும் கலந்த மெல்லிய தகடு அவருடையது. அமிலத்தில் ஊறினால் வெள்ளி கரைந்து போகும்; கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகளோடு தங்கம் மட்டும் நிற்கும். துளி வெள்ளிகூட மிஞ்சவில்லை என்று காட்டிவிட்டால் அவருக்கு டாக்டர் பட்டம்.

மிஞ்சியது.

தகடு ஊறிய அமிலக் குவளையை அலசும்போது, குழாய்த் தண்ணீரிலுள்ள உப்பு பட்டதும் பால்போல வெளுக்கும்; தகட்டிலிருந்து இன்னும் வெள்ளி கரைகிறது என்று அர்த்தம். எனக்கு முன்னால் இங்கே கழுவிய பெண்மணி அதை அவரிடம் சொன்னார். “உன் குவளைதான் அழுக்கு” என்றார் சார். மேலிடத்துக்கு எழுதியும் கொடுத்தார். அந்தப் பெண்மணிக்கு வேலை போயிற்று.

பள்ளியைப் பாதியில் விட்டுவிட்டு அந்த இடத்துக்கு நான் வந்தேன்.

நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்னும் சில வாரம் ஊறவிட்டுச் சரிசெய்திருப்பார். தினமும் வெளுத்தது. தினமும் வாயை மூடிக்கொண்டேன்.

இன்று சாரின் பட்டத்துக்குத் தேர்வாளராக ஒரு அம்மா வந்திருந்தார். தகடு நேற்றிலிருந்து புது அமிலத்தில் கிடந்தது.

“கொஞ்சம் உப்புத் தண்ணி கொண்டாம்மா, வெள்ளி மிச்சம் இருக்கான்னு பாத்துடலாம்.”

காலையிலேயே கரைத்து வைத்திருந்தேன். குழாய்த் தண்ணீரில் அல்ல, காய்ச்சி வடித்த தண்ணீரில்.

ஒரு சொட்டு. தகடு கிடந்த குவளை வெளுத்தது.

சார் சிரிக்கப் பார்த்தார். “ஒழுங்கா கழுவியிருக்க மாட்டா மேடம். இவங்களோட எப்பவும் இதே தொல்லை.”

நான் இன்னொரு குவளையை நகர்த்தினேன். அதே நாளில், அதே கையால் கழுவியது. உள்ளே அதே அமிலம். தகடு மட்டும் இல்லை.

தேர்வாளர் உப்புத் தண்ணீரை விட்டார். தெளிவாகவே இருந்தது. இன்னும் விட்டார். அப்போதும் அப்படியே.

இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“இவ்வளவு சுத்தமா கழுவ யாரும்மா சொல்லிக் குடுத்தது?”

அந்த அறையில் முதல் முறையாக வாயைத் திறந்தேன்.

“எங்கம்மா. போன வருஷம் வரைக்கும் இங்கதான் கழுவினாங்க.”

சார் அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார்.

வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். வெளியே போனார்.