கணக்கப்பிள்ளை பிடித்த கை

கணக்கப்பிள்ளை சுலக்ஷனாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறாராம் என்று போனில் கேட்டதுதான் தாமதம், செல்லசாமி மாமா குடையை ஓங்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துப் படியேறிவிட்டார்.

வந்து பார்த்தால் விஞ்ஞான அறையில் ஆம்பிளை வாடையே இல்லை. மேசையில் நான்கு சக்கரம் வைத்த ஒரு பிஸ்கட் தகரம். அதன் ஓட்டைக்குள் மணிக்கட்டுவரை கையை விட்டபடி அவருடைய அக்கா மகள்.

போன் பண்ணிய நிஷாந்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

இது மலையில் நின்று தேயிலைக் கொழுந்து நிறுக்கிற கணக்கப்பிள்ளை இல்லை. பிள்ளைகள் செய்த ரோபோவின் சென்சர். சக்கரத்தைச் சுழற்றும் தண்டு எத்தனை சுற்று சுற்றியது என்று பக்கத்திலேயே நின்று எண்ணிக்கொண்டிருப்பதுதான் அதன் வேலை. இந்தத் தோட்டத்தில் அதற்கு வேறென்ன பட்டப்பெயர் வைப்பார்கள்?

"இதுக்கா புள்ள நா ஓடியாந்தேன்? சரி சரி, கைய எடு. வேன் நிக்குது."

எடுக்க முடியாது. தண்டில் மாட்டிய தட்டுக்கும் சென்சருக்கும் நடுவே ஒரு தாள் அளவு இடைவெளிதான் இருக்க வேண்டும். நெருங்கினால் உரசும், விலகினால் எண்ணாது. எண்ணாவிட்டால், எவ்வளவு தூரம் வந்தோம் என்றே தெரியாமல் நாளை நுவரெலியாப் போட்டியில் ரோபோ மேசையை விட்டே விழுந்துவிடும். அதனால் நடுவில் ஒரு பஸ் டிக்கெட்டைச் செருகி, பசை பூசி, விரலால் அழுத்திப் பிடித்திருந்தாள். பசை இறுகிய பிறகுதான் டிக்கெட்டை உருவலாம். அதுவரை விரலை எடுக்கக் கூடாது.

நிஷாந்தி இதையெல்லாம் விளக்கி முடிப்பதற்குள் மாமாவுக்கே தலை சுற்றியது.

மாமா கெட்டவர் இல்லை. கொழும்பில் ஒரு துணிக்கடையில் அவளுக்கு வேலை சொல்லிவைத்து, கடைக்கு மேலேயே தங்க இடமும் பார்த்து, வேன் பிடித்து வந்திருக்கிறார். அம்மா சரி என்றுவிட்டாள். துணிப்பை வேனில் ஏறிவிட்டது. சுலக்ஷனாவை மட்டும் யாரும் கேட்கவில்லை.

போன வருடம் இதே கடைக்குப் போன தனுஷிகா தீபாவளிக்குக்கூட இந்த டயகமத் தோட்டத்துப் பக்கம் வரவில்லை. போனால் போனதுதான்.

தகரத்தின் விளிம்பு மணிக்கட்டை அறுத்தது. விரல் மரத்துப்போயிருந்தது. வாசலை அடைத்துக்கொண்டு மாமா நின்றார்.

யன்னலுக்கு வெளியே மேல்மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கத் தொடங்கியிருந்தது. மூட்டம் விழுந்துவிட்டால் அந்த வளைவுகளில் வேனை இறக்கமாட்டேன் என்று டிரைவர் வரும்போதே சொல்லியிருந்தான். கீழேயிருந்து ஹோர்ன் அடித்தான்.

மாமா சட்டென்று பையைத் துழாவி, மீன் வைத்துச் சுட்ட ஒரு மாலுபணிஸை எடுத்து நீட்டினார். பிள்ளை காலையிலிருந்து சாப்பிட்டிருக்க மாட்டாள் என்று அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

இடது கை வெளியேதான் இருந்தது. ஆனாலும் சுலக்ஷனா அதை நீட்டாமல் வாயைத் திறந்தாள்.

இவ்வளவு வளர்ந்தும் இன்னும் சின்னப் பிள்ளைதான் என்று சிரித்துக்கொண்டே மாமா பிய்த்துப் பிய்த்து ஊட்டினார். அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் மென்றாள். ஐயோ, இந்த மனுசன் கொஞ்சம் திட்டித் தொலைத்தால்தான் என்ன!

மறுபடியும் ஹோர்ன். இந்த முறை விடாமல் அடித்தான்.

மாமாவுக்குப் பொறுமை போய்விட்டது. பக்கத்து வகுப்பிலிருந்த குணபூசணி டீச்சரைக் கூட்டிவந்து, நீங்களே பார்த்து ஒரு வார்த்தை சொல்லுங்கள், கையை எடுக்கலாமா கூடாதா என்று கேட்டார்.

சுலக்ஷனாவுக்குப் பகீரென்றது. டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர். பொய் என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. வீட்டுப்பாடம் மழையில் நனைந்துவிட்டது என்று நிஷாந்தி விட்ட ஒரு கதைக்காக, ஒரு தவணை முழுக்க அவளோடு பேசாமல் இருந்தவர்.

டீச்சர் கண்ணாடியை மாட்டினார். போன் வெளிச்சத்தைத் தகரத்துக்குள் அடித்துக் குனிந்தார். பசையை நகத்தால் தொட்டார். ரொம்ப நேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் சுலக்ஷனாவைப் பார்க்கவில்லை.

"இன்னும் காயேல்லை ஐயா. இந்தக் குளிருக்கு எப்ப காயுமெண்டு சொல்ல ஏலாது."

மாமா யன்னலைப் பார்த்தார். பள்ளிக்கூடத்து வாசல் மரமே பாதிதான் தெரிந்தது. பெரிய மூச்சு ஒன்று விட்டு, மிச்சப் பணிஸை மேசையில் வைத்தார். அடுத்த சனிக்கிழமை வருகிறேன், அதுவரை துணிப்பை என்னிடமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

வேன் சத்தம் வளைவுகளில் தேய்ந்து அடங்கியது. பிறகு டீச்சர் கையை நீட்டினார்.

"டிக்கெட்டைத் தா."

சுலக்ஷனா இடது கையை விரித்தாள். உள்ளே வேர்வையில் ஊறிக் கசங்கிய பஸ் டிக்கெட். மாமா குடையோடு படியேறி வருவதற்கு வெகு முன்பே பசை கல்லாக இறுகி, அதை அவள் உருவி எடுத்திருந்தாள்.

வலது கையை மட்டும் இன்னும் வெளியே எடுக்கவில்லை.