பனியில் விட்டுவந்த டாக்டர்

"எழுத வக்கில்லாதவ எதுக்குப் பேர் குடுக்கணும்?"

பெரோகிக் கொழுக்கட்டைக்கான மாவு வட்டத்துக்குள் உருளைக்கிழங்கு மசியலை வைத்து மடித்துக்கொண்டே கேட்டாள் லூபா. பார்வை மாவிலேயே இருந்தது. மேசையின் எதிர்முனையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த மருமகள் கோரினுக்குச் சுருக்கென்றது.

"உங்களை யாரும் யோசனை கேட்கல, லூபா."

"கேட்டாத்தான் சொல்லணுமா? போன வருஷமும் இப்படித்தான் ஆர்ப்பாட்டமா ஆரம்பிச்ச. கடைசி நேரத்துல கழண்டுக்கிட்ட."

கோரின் பல்லைக் கடித்தாள். முழங்கால் அறுவை சிகிச்சைக்காக வந்து தங்கிய மாமியார், கால் நேரான பிறகும் பிராண்டன் நகரத்தில் இருக்கும் இந்தச் சின்ன வீட்டைவிட்டு நகர்வதாக இல்லை. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். வீட்டில் இருப்பவர்களும் தான் சொன்ன இடத்தில் அடங்கி உட்கார வேண்டும் என்ற நினைப்பு அவளுக்கு இன்னும் போகவில்லை. அவள் மகன், கோரினின் கணவன் மைரான், காருக்குக் குளிர்கால டயர் மாட்டும் சாக்கில் காலையிலேயே நழுவிவிட்டான்.

பாதியில் நிறுத்தப்பட்ட ஒரு கப்பல் பயணத் தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்கள் இணையத்தில் ஆண்டுதோறும் நடத்தும் கதைச் சவால் அது. எல்லோரும் புனைபெயரில் தங்கள் ஆசையை எழுதிப் போடுவார்கள். குலுக்கலில் யாருடைய ஆசை விழுகிறதோ, அந்த முகம் தெரியாதவருக்காக, தொடரின் பாத்திரங்களை வைத்தே ஒரு கதை எழுத வேண்டும். டிசம்பர் நடுவில் கெடு. கிறிஸ்துமஸ் காலையில்தான் கதைகள் திறக்கும்.

சேர வேண்டும் என்று கோரினுக்குக் கை துறுதுறுத்தது. ஆனால் போன வருடம் கெடு நெருங்கியபோது 'முடியவில்லை' என்று ஒற்றை வரி எழுதி விலகியிருந்தாள். அவளுக்குப் பதிலாக எழுத மாற்று ஆளும் கிடைக்கவில்லை. இன்னொரு முறை விலகினால் இனி எப்போதும் சேர்க்கமாட்டோம் என்று நடத்துபவர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள். பேர் கொடுக்க இன்று மாலையே கடைசி.

"இந்தத் தடவை முடிச்சுக் காட்டறேன்."

"கிழிச்ச! பத்து வாரம் குடுத்தும் பத்துப் பக்கம் தேறல. இப்ப மட்டும் எங்கேருந்து வரும்?"

பத்து வாரக் கணக்கை இவளுக்கு யார் சொன்னது? மைரானாகத்தான் இருக்கும். எதையும் அம்மாவிடம் ஒப்பிக்காவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது.

"கிளினிக்ல அப்ப எனக்கு வேலை பெண்டு நிமிர்ந்துச்சு. உங்களை மாதிரி நாள் பூரா கதவைச் சாத்திக்கிட்டு டேப்லெட்டைத் தடவிட்டு இருக்க எனக்குக் குடுத்து வைக்கல."

"அப்ப வாக்கு குடுத்திருக்கக் கூடாது. கிறிஸ்துமஸ் அன்னைக்கு ஒருத்தர் ஆசையா காத்துக்கிட்டு இருப்பாங்கன்னு உனக்கு உறைக்கவே இல்லையா?"

"கிறிஸ்துமஸைப் பத்தி நீங்க பேசாதீங்க!"

கோரினின் குரல் உயர்ந்தது. போன கிறிஸ்துமஸுக்கு இருட்டோடு எழுந்து அவள் சமைத்து வைத்திருந்தும், லூபா மதியம்வரை அறையைவிட்டு வெளியே வரவில்லை. வந்தவளும் ஒரு வாய்கூட வைக்காமல் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனாள். அன்று மூண்ட சண்டை இன்றுவரை ஓயவில்லை.

"எங்க அம்மா அப்பா முன்னாடி என் மானத்தை வாங்கினீங்க. என் சமையல் அவ்வளவு கேவலமா உங்களுக்கு?"

லூபா அடுத்த வட்டத்தை மடித்தாள். மடிப்பின் ஓரத்தை விரலால் அழுத்தி மூடினாள். அந்த அலட்சியம் கோரினை இன்னும் உசுப்பிவிட்டது.

"நான் எழுதாததால அப்படி என்ன குடி முழுகிப்போச்சு? யாரோ பொழுது போகாத ஒரு கிழவி! கடைசிப் பகுதியில பனியில விட்டுட்டு வந்தாங்களே ஒரு டாக்டர், அந்த ஆள் உயிரோட கப்பலுக்குத் திரும்பி வரணுமாம். வந்து, சூடா ஒரு டீ குடிக்கணுமாம். வேற ஒண்ணுமே வேண்டாமாம்! இதை எவ உட்கார்ந்து எழுதுவா? நானும் என் தங்கச்சியும் ஃபோன்ல விழுந்து விழுந்து சிரிச்சோம்."

லூபாவின் விரலுக்கடியில் மாவு பிய்ந்து மசியல் பிதுங்கியது. அவள் அதைத் திரும்ப ஒட்டவில்லை.

"சிரிச்சீங்களா?"

"சிரிக்காம?"

அடுப்பில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கியது. பிறகு லூபா முதல் முறையாக நிமிர்ந்து மருமகளைப் பார்த்தாள்.

"ஒரே பேச்சு. இன்னைக்குப் பேர் குடுக்கறியா, இல்லையா?"

"அது உங்களுக்கு எதுக்கு?"

"தெரிஞ்சுக்கணும்."

கோரின் திரையைப் பார்த்தாள். சம்மதித்தால் கெடுவரை தினமும் இந்த மேசையில் இந்த நாக்கிடம் மாட்டிக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகும் முடிக்க முடியாமல் போனால், அதைப் பார்த்துக் குளிர்ந்துபோவதும் இதே முகம்தான். அந்தத் திருப்தியை இவளுக்குக் கொடுக்க அவள் தயாராக இல்லை.

"குடுக்கல. போதுமா? சந்தோஷமா இருங்க!" மடிக்கணினியைப் படாரென்று மூடினாள்.

லூபா அடுப்பை அணைத்தாள். குழாயடியில் நின்று கையிலிருந்த மாவை நிதானமாகக் கழுவினாள். கதவை ஓங்கி அறைந்து சாத்தப்போகிறாள் என்று கோரின் காத்திருந்தாள். ஆனால் லூபா தன் அறை வாசலில் நின்றாள். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

"நான் காலையிலயே பேர் குடுத்துட்டேன், கோரின்... இந்தத் தடவை டாக்டரைக் கேட்கல."