வெறும் வயிறு

அன்று சாயங்காலம் சுப்பராயலு வீட்டு ஹாலில் இருந்தவர்கள் நான்கு பேர். வீட்டுக்காரர் சுப்பராயலு, சத்துப் பொடி விற்கும் சுகுமார், எதிர்வீட்டு லாசரஸ், மாடியில் வாடகைக்கு இருக்கும் பேபி. தனக்கோடி சமையலறையில் இருந்தார். வீட்டுக்காரர் மனைவியை யாரும் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை.

சுப்பராயலுவின் தோளில் சுகுமார் போர்த்திய பொன்னாடை. கையில் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்.

“தைராய்டு நார்மல்! ஆறு வருஷமா டாக்டரம்மா மாத்திரையைத்தான் ஏத்திக்கிட்டே போனாங்க, ஒண்ணும் ஆகல. தம்பியோட பொடி ரெண்டே மாசத்துல சரி பண்ணிடுச்சு.”

“மாத்திரையை ஒழுங்கா போட்டீங்களா சார்?” என்றார் லாசரஸ்.

“என்ன லாசரஸ், என்னைப் போய் இப்படிக் கேட்டுட்டீங்க? வெறும் வயித்துல போடச் சொன்னாங்க. எழுந்ததும் ஒரு டம்ளர் காபி. டம்ளரைக் கீழே வைக்கிறதுக்குள்ள மாத்திரை. ஒருநாள் தப்பினதில்ல.”

எல்லோரும் தலையாட்டினார்கள். இட்லி உள்ளே போகாதவரைக்கும் வயிறு வெறும் வயிறுதான். இதில் பொழிச்சலூரில் இரண்டு கருத்து கிடையாது. பேபியும் தன் மாத்திரையை அப்படித்தான் போடுகிறாள்.

“இப்ப அந்தக் காபிக்கும் கேடு வந்தாச்சு” என்று சுப்பராயலு சமையலறைப் பக்கம் குரலை உயர்த்தினார். “ரெண்டு மாசமா ஏழரை மணி ஆகாம காபி கண்ணுல படறதில்ல. ஒருநாள் பால் வரலைம்பா. ஒருநாள் கேஸ் தீர்ந்துடுச்சும்பா. ஒருநாள் ஃபில்டர் அடைச்சுக்கிச்சும்பா. மாத்திரையைப் போட்டுட்டு நான் உட்கார்ந்து கத்தணும்.”

“அவங்களுக்கும் வயசாகுதில்ல சார்” என்று லாசரஸ் பெருந்தன்மையாகச் சிரித்தார்.

பேபியும் சிரித்தாள். தினமும் காலையில் அந்தக் கத்தல் மாடிவரை கேட்கும். ஒரு காபிக்கு இந்த மனுஷன் இவ்வளவு பாடுபட வேண்டுமா என்று அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது.

“காபியை விடுங்கண்ணா. பொடி டேஸ்ட் எப்படி?” என்றான் சுகுமார்.

“பிரமாதம்! அதுல வருதே அந்த ஏலக்காய் வாசனை!”

“ஏலக்காயா?” சுகுமார் ஒரு நொடி விழித்தான். “ஆங்... ஆமாண்ணா. அது இமயமலை ஏலக்காய்.”

பேபி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

“தம்பி, எனக்கும் தைராய்டு கீது. ஏர்போர்ட்ல நாள்பூரா தரை தொடைக்கிறேன், அசதி தாங்கல. இந்தப் பொடி குடிச்சா மாத்திரையை நிறுத்திடலாமா?”

“நாளைக்கே நிறுத்துங்கக்கா. அது மருந்து, இது உணவு. உணவால யாருக்காவது கெடுதல் வருமா?”

“சார், நீங்க நிறுத்திட்டீங்களா?”

“நானா?” சுப்பராயலு பொன்னாடையைச் சரிசெய்தார். “எனக்கு எதுக்கும்மா இந்த வயசுல வம்பு? நீ சின்னவ, தைரியமா நிறுத்து.”

சமையலறையில் ஒரு தட்டு தடாலென்று விழுந்தது.

“பேபி, கொஞ்சம் இங்க வந்துட்டுப் போ.”

போனாள். தலைக்கு மேலே விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. விமானம் போகும்போது பொழிச்சலூரில் எல்லோரும் பேச்சை நிறுத்துவார்கள். தனக்கோடி அப்போதுதான் ஆரம்பித்தார்.

“மாத்திரையை நிறுத்தினேன்னா படுத்த படுக்கையா ஆயிடுவே. பச்சைத் தண்ணியில போடு. ஒரு மணி நேரத்துக்குக் காபி பக்கமே போகாதே. காபியோட போட்டா மாத்திரை உடம்புல ஒட்டாதுன்னு டாக்டரம்மா என்கிட்ட சொன்னாங்க.”

“அத்த சார்கிட்ட சொல்றதுதானேக்கா?”

“சொன்னேனே. ‘காபி என்ன சாப்பாடா? நீ எப்போ டாக்டருக்குப் படிச்சே?’ன்னாரு. அதான், பால் வரலைன்னு சொல்லிட்டேன். என்னைத் திட்டி முடிக்க அவருக்கு ஒரு மணி நேரம் ஆகும். அதுக்குள்ள மாத்திரை அதோட வேலையைப் பார்த்துடும்.”

விமானம் போய்விட்டது. அடுத்தது வரும்வரை இருவரும் சும்மா நின்றார்கள்.

“தனக்கோடி! காபி வருமா, அதுக்கும் ஏழரை மணி ஆகணுமா?” ஹாலில் சிரிப்பு. “தம்பி, நீ எனக்கு இன்னும் மூணு டப்பா எழுதிக்கப்பா. இருந்தது காலியாயிருக்கும்.”

பேபியின் கண் மிக்ஸி ஜாரில் விழுந்தது. அப்போதுதான் அரைத்த பொட்டுக்கடலை மாவு. பக்கத்தில் உரித்த ஏலக்காய்த் தோல். குனிந்து முகர்ந்தாள்.

“இமயமலை...” என்றாள்.

தனக்கோடி வாயில் விரல் வைத்தார். அடுத்த விமானம் வந்தது.

“அப்போ அந்தப் பொடி இன்னாக்கா ஆச்சு?”

“டப்பாவுல இரும்புச்சத்து, கால்சியம்னு போட்டிருந்தது. அதுவும் அந்த மாத்திரையோட சேரக் கூடாதாம்.”

தனக்கோடி அரிசி டிரம்மைத் திறந்து முழங்கைவரை கையை விட்டார். ஒவ்வொன்றாக எடுத்து, அரிசியைத் தட்டி, மேடைமேல் வைத்தார்.

சுப்பராயலு இதுவரை வாங்கியது மூன்று டப்பா. சீல் உடையாமல் மீதி இருந்தது மூன்று.